பாலைவனச் சரணாலயத்தில் அலங்காரப் பணியா?

வனவிலங்குச் சரணாலயங்களைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே, அதிலும் செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடையே, ஓர் அபிப்பிராயம் வெகுகாலமாக வேரூன்றி இருக்கிறது. ஜீவராசிகளைக் காப்பது உயிரியல் அறிஞரின் வேலை, எல்லையைக் காப்பது காவலரின் வேலை, இவ்விருவருக்கும் ஊதியம் கொடுத்த பிறகு பணம் மிஞ்சினால் வருகிறவர்களை வரவேற்கவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாலு விஷயம் சொல்லவும் யாரையாவது வைத்துக்கொள்ளலாம், மிஞ்சாவிட்டால் ஒரு பலகையை எழுதி நட்டுவிட்டால் போதும் என்பதே அது. சரணாலயம் பாலைவனத்தில் அமைந்துவிட்டாலோ இந்த அபிப்பிராயம் இன்னும் உறுதிப்படுகிறது. மரமில்லை, அருவியில்லை, கூட்டங்கூட்டமாய் மேயும் விலங்கும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் பார்வையாளருக்குச் சேவை எதற்கு, விளக்குவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் சுற்றுச்சூழல் கல்வி எதற்கு என்று கேட்கிறார்கள். இந்தக் கருத்து மற்ற நிலங்களின் விஷயத்தில் ஒருவேளை பாதிப் பிழையாக இருக்கலாம். பாலைவனத்தின் விஷயத்தில் அது முழுப் பிழை என்பதே என் கட்சி.

கொள்கையளவில் வாதாடுவதைவிட ஓர் உண்மையான இடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸ் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், கார்ன் கிரீக் என்னும் ஊற்றுக்கரையில், டெசர்ட் தேசிய வனவிலங்குச் சரணாலயத்தின் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. பாலைவனத்துப் பெருங்கொம்புச் செம்மறியாடுகள் அற்றுப்போய்விடக் கூடாதென்று 1936-இல் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஏற்படுத்திய இச்சரணாலயம் ஏறத்தாழ 16 லட்சம் ஏக்கர் பரப்புடையது. அலாஸ்காவையும் ஹவாயையும் நீக்கிப் பார்த்தால் அந்நாட்டிலேயே மிகப் பெரியது. பள்ளத்தாக்கின் அடியில் கிரியோசோட் புதர்கள், சற்று மேலே ஜோஷுவா மரங்கள், இன்னும் ஏறினால் பினியன் பைனும் ஜூனிப்பரும், ஏறத்தாழ 10,000 அடி உயரமுள்ள முகடுகளில் நெடுங்காலம் வாழும் பிரிசில்கோன் பைன் மரங்கள் என்று ஒரு மலைத்தொடரிலேயே பல உலகங்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஆனால் நெடுஞ்சாலையில் காரோட்டிக்கொண்டு போகிறவன் கண்ணுக்குப் படுவது அடியிலுள்ள அந்தப் புதர்களும் சரளைக்கல்லும் மட்டுந்தான். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று தீர்மானித்துக்கொண்டு போய்விடுகிறான். அந்தத் தீர்மானமே பாலைவனத்துக்கு வந்து சேரும் கேடுகளுக்கெல்லாம் மூலகாரணம்.

மழைக்காட்டை அழிக்க வருகிறவனுக்குக்கூட ஒரு கணம் கை கூசும்; அந்த மரங்களின் பெருமையே அவற்றுக்காக வாதாடிவிடும். பாலைவனத்துக்கு அப்படிப்பட்ட பாக்கியம் இல்லை. அதன் உயிர்கள் பகலில் வளைக்குள் ஒளிந்திருக்கின்றன. அதன் செடிகள் பல மாதங்கள் செத்தவை போலக் கிடக்கின்றன. அதன் மீன்கள் ஒரு கிணற்றளவு நீரில் வாழ்கின்றன. ஆகவே யாரேனும் ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னாலொழிய, நல்ல மனமும் கூர்ந்த புத்தியும் உள்ள மனிதன்கூட அதைத் தரிசு என்றே மதிப்பிடுவான். தரிசு என்று மதிப்பிட்டபின் அவன் செய்வது எல்லாம் அவனளவில் நியாயமாகவே இருக்கும்.

இதற்கு ஆஷ் மெடோஸ் பிரதேசத்தின் சரித்திரத்தைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. மொஹாவி பாலைவனத்தின் நடுவில், மரணப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழை நிலத்தடியில் மெல்ல ஊர்ந்து வந்து ஊற்றுக்களாகப் பொங்கும் இடம் அது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடிகளும் பிராணிகளும் அங்கே குறைந்தது 26 இனங்கள் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்த சதுப்பு நிலத்தை வடித்து மட்கிய கரியை வெட்டி எடுத்தார்கள். 1968-இல் பெரும்பண்ணைக்காரர்கள் ஆழ்கிணறுகளில் இயந்திரம் பூட்டி நீரை இறைக்கத் தொடங்கினார்கள். அருகில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைப்பிளவு ஒன்று இருக்கிறது. அதன் அடி எதுவென்று எவரும் கண்டதில்லை. ஆயினும் அதில் வாழும் பப்ஃபிஷ் என்ற சுமார் ஓரங்குலமே வளரும் மீன் இரை தேடுவதும் முட்டையிடுவதும் பெரும்பாலும் வெயில் படும் ஒரு சிறு பாறைத்தட்டின் மேல்தான். சுவரில் அடித்திருந்த ஒரு செப்பு வளையத்திலிருந்து நீர்மட்டத்தை அளந்து வந்தவர்கள், பண்ணைக் கிணறுகள் இறைக்க இறைக்க நீர் கீழே இறங்குவதையும், அந்தப் பாறைத்தட்டு காற்றில் தலைகாட்டுவதையும் கண்டார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976-இல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக மீனுக்கு வேண்டிய நீர்மட்டத்தைக் காக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வட்டாரத்து வண்டிகளின் பின்புறத்தில் ‘பப்ஃபிஷைக் கொல்லுங்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இருந்தார்கள். தீர்ப்புக்குப் பின்பும் ஆபத்து தீரவில்லை. பண்ணை கைமாறி, ஊற்றுக்களின் மேல் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கொண்ட ஒரு நகரமே எழுப்பத் திட்டம் போட்டார்கள். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அந்நிலத்தை வாங்கி அரசிடம் ஒப்படைத்ததன் பேரில்தான் 1984-இல் சுமார் 24,000 ஏக்கரில் சரணாலயம் பிறந்தது.

இக்காரியங்களைச் செய்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நான் ஒருப்படமாட்டேன். கரி வெட்டியவர்களும், குதிரைமசால் பயிரிட்டவர்களும், வீட்டுமனை வகுத்தவர்களும், ஒன்றுமில்லாத இடத்தில் ஏதேனும் ஒன்றை உண்டாக்குகிறோம் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். அவர்களுடைய கைகளில் குற்றமில்லை, கண்களில்தான் குறை. கண்ணின் குறையைத் தீர்ப்பது எந்த உத்தியோகத்தின் வேலையோ அந்த உத்தியோகத்தை அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள், நோயின் காரணத்தை விட்டுவிட்டு அடையாளங்களுக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

இங்கே எதிர்க்கட்சியார் குறுக்கிட்டு, மீனைக் காப்பாற்றியது நீதிமன்றம்; நிலத்தைக் காப்பாற்றியது பணம்; இதில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் எங்கே வந்தார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தீர்ப்பும் கிரயப்பத்திரமும் தாமாக நின்று நிலைப்பவை அல்ல. சுற்றிலும் வாழும் ஜனங்கள் அவற்றை வேண்டும் என்று நினைக்கிற வரையில்தான் அவற்றுக்கு உயிர். 2023-ஆம் ஆண்டில் அதே ஆஷ் மெடோஸின் எல்லையை ஒட்டி லித்தியம் தேடித் துளையிட ஒரு நிறுவனம் முன்வந்தது. முன்பு நீதிமன்றம் காத்த ஊற்றுக்கள் மறுபடியும் ஆபத்துக்கு உள்ளாயின. இம்முறை எதிர்த்து நின்றவர்கள் வெளியூர் விஞ்ஞானிகள் மட்டும் அல்லர். அமர்கோசா பள்ளத்தாக்கின் ஊர்க்காரர்களும் டிம்பிஷா ஷோஷோன் பழங்குடியினரும் சேர்ந்து நின்றார்கள். வழக்கும் எழுந்தது, துளையிடுவதற்குத் தந்திருந்த இசைவு அந்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. ‘கொல்லுங்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய அதே பள்ளத்தாக்கு, இரண்டு தலைமுறைக்குள் ஊற்றுக்களுக்காகக் குரல் கொடுத்தது. தங்கள் வீட்டுக் கிணற்று நீரும் பப்ஃபிஷ் நீந்தும் நீரும் ஒரே நிலத்தடி நீர்தான் என்பது அவர்களுக்கு விளங்கியதே இதற்குப் பெரிய காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விளங்குவதற்கு யாராவது விளக்கியிருக்க வேண்டும் அல்லவா? நிலத்துக்கு அடியில் ஓடும் நீர் எவர் கண்ணுக்கும் தானாகத் தெரிவதில்லை.

கார்ன் கிரீக்கின் கதையும் இதையே சொல்கிறது. டெசர்ட் சரணாலயத்தின் மேற்குப் பாதி விமானப்படையின் பயிற்சிக் களத்தோடு பிணைந்து பொதுமக்களுக்கு மூடப்பட்டே கிடக்கிறது. மிச்சமுள்ள பகுதியிலும் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ள விமானப்படை விரும்பியபோது, அங்கே நடந்து பழகியவர்களும், மலையேறியவர்களும், வேட்டைக்காரர்களும், அந்நிலத்தைத் தங்கள் மூதாதையர் இடமாகக் கொண்ட மொவாப்பா பையூட் மக்களும் எதிர்த்தார்கள். நெவாடாவின் சட்டமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. 2020-இல் காங்கிரஸ் அந்த விரிவாக்கத்தை ஏற்கவில்லை. தான் ஒருமுறையேனும் கால்வைத்து நடந்திராத நிலத்துக்காக ஒருவன் மனு எழுதி அனுப்புவது அபூர்வம். அந்த நிலையத்தின் மேசைக்குப் பின்னால் நின்று, மோர்மன் வெல் சாலையில் எந்த மைலில் ஜோஷுவா மரங்கள் தொடங்குகின்றன, எந்தப் பள்ளத்தில் ஆடுகள் நீர்குடிக்க இறங்குகின்றன என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவர்களின் உழைப்பு அந்த மனுக்களில் கலந்திருக்கிறது. எந்தக் கணக்கேட்டிலும் அதற்கு ஒரு வரி இல்லை.

இனி எதிர்க்கட்சியின் பலமான ஆக்ஷேபத்துக்கு வருவோம். மனிதன் வந்தாலே கேடு. அவனை உள்ளே அழைத்து விளக்கம் சொல்வதைவிட வேலி போட்டு வெளியே நிறுத்துவதே சம்ரக்ஷணை என்கிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. டெவில்ஸ் ஹோலைச் சுற்றி உயரமான வேலி இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். 2013-இன் கணக்கெடுப்பில் 35 மீன்களே மிஞ்சியிருந்த ஓர் இனத்தின் வீட்டுக்குள் எவரையும் விட முடியாது. ஆனால் அந்த வேலியும், காமிராவும், அசைவை உணரும் கருவிகளும் இருக்கையிலேயே 2016-இல் குடிவெறியில் மூன்று பேர் உள்ளே புகுந்தார்கள்; ஒருவன் நீரிலேயே இறங்கினான்; பிற்பாடு ஒரு மீன் செத்து மிதந்தது. காமிராவினால் குற்றவாளி அகப்பட்டான், சிறைக்கும் போனான். குற்றம் நடந்த பிறகு ஆளைக் காட்டிக்கொடுப்பதே வேலியும் கருவியும் அன்று செய்த உபகாரம். டெவில்ஸ் ஹோலின் நாற்பது ஏக்கர் நிலத்தில் இதுதான் நிலைமை என்றால், 16 லட்சம் ஏக்கருக்கு எத்தனை மைல் வேலி, எத்தனை காமிரா என்பதை இவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அதைவிட முக்கியமானது, பாலைவனத்துக்கு மனிதனால் நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை துவேஷத்தினால் விளைவன அல்ல; அன்பினாலும் அறியாமையினாலும் விளைவன. மொஹாவியின் நில ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். அருகிவரும் இனம் என்று 1990 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற அந்தப் பிராணி தன் ஆயுளின் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கிறது. எப்போதோ பெய்யும் மழையைக் குடித்து, அந்த நீரைச் சிறுநீர்ப்பையில் தேக்கி, மாதக்கணக்காக வைத்துச் செலவழிக்கிறது; அந்தப் பைதான் அதன் தண்ணீர்ப் பானை. சாலையோரத்தில் அதைக் கண்ட ஒரு தகப்பன், பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையால், மெதுவாகத்தான், இரண்டு கையாலும் தூக்குகிறான். ஆமை பயந்து பையிலிருக்கும் நீரை முழுவதும் கொட்டிவிடுகிறது. அவன் அதை அப்படியே பத்திரமாகத் தரையில் விட்டுவிட்டு மகிழ்ச்சியோடு போகிறான். அடுத்த மழை வருவதற்குள் அது தாகத்தால் செத்துப்போகக்கூடும். அந்தத் தகப்பனைத் தடுக்க எந்த வேலி உதவும்? காலையில் நிலையத்தில் ஒருவர் அரை நிமிஷம் சொல்லியிருந்தால் அவன் தூக்கியிருக்க மாட்டான். காரைக் கிளப்புமுன் குனிந்து அதன் நிழலில் ஆமை ஒதுங்கியிருக்கிறதா என்றும் பார்த்திருப்பான்.

உண்டு மிஞ்சிய ரொட்டித்துண்டைப் பறவை தின்னட்டும் என்று எறிகிறவர்களும் அப்படித்தான். அதைத் தின்று பெருகுவது அண்டங்காக்கை. ஓடு இன்னும் கெட்டிப்படாத ஆமைக்குஞ்சை அதே காக்கை கொத்தித் துளைத்துத் தின்கிறது. வளர்த்த மீனைக் கொல்ல மனமில்லாமல், போய்ச் சுகமாய் இரு என்று கண்ணாடித்தொட்டியிலிருந்து எடுத்து ஊற்றில் விடுகிற குழந்தையைப் பற்றி என்ன சொல்வது? நெவாடாவின் ஊற்றுக்களில் அயல்மீன்கள் செய்த நாசம் கொஞ்சமன்று. பாரம்ப் பள்ளத்தாக்கின் மான்ஸ் ஊற்றில் வாழ்ந்த பூல்ஃபிஷ் என்ற சிறு மீனைத் தங்கமீன்கள் நெருக்கின. பின்னர் நீரிறைப்பினால் 1975-இல் அந்த ஊற்றே வற்றிப்போயிற்று. முன்கூட்டியே வேறிடங்களுக்கு எடுத்துச்சென்ற சில மீன்களின் சந்ததியால்தான் அவ்வினம் இன்று இருக்கிறது. கார்ன் கிரீக்குக்குக் கொண்டுவந்தவற்றையும் ஒரு சமயம் அயல் நன்னீர்ச் சிங்கி இறால்கள் அழித்துவிட, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. மீனின் பிணத்தை அளந்து காரணம் எழுதுவது உயிரியல் அறிஞரின் கடமை. ஆனால் அந்தக் குழந்தையின் கை நீருக்குமேல் கவிழும் முன்பே அதைத் தடுக்க வல்லது, அதற்கு ஆறு மாதத்துக்கு முன் வகுப்பறையில் வந்து பேசிய ஒருவரின் வார்த்தை ஒன்றுதான்.

சரி, அந்த வார்த்தையை ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன, கைபேசியில் போட்டுவிட்டால் என்ன என்பார்கள். பிரீமன் டில்டன் என்பவர் 1957-இல் இத்துறைக்கு ஆதாரமான நூலை எழுதியபோதே, தகவலைக் கொடுப்பது வேறு, பொருளை உணர்த்துவது வேறு என்று தெளிவாக வகுத்துவிட்டார். ஆஷ் மெடோஸில் பாயின்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்தின் மரப்பலகை நடைபாதையில் ஒரு நல்ல ஊழியர் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார் என்று பார்த்தால் இந்த வித்தியாசம் பிரத்தியட்சமாக விளங்கும். அவர் மீனின் பெயரைச் சொல்லித் தொடங்குவதில்லை. எல்லாரையும் பலகையின் மேல் குப்புறப் படுக்கச் சொல்கிறார். கொஞ்ச நேரம் வாய் திறக்கக் கூடாது என்கிறார். வசந்த காலமானால், தெளிந்த நீரில் நீலமாக ஒளிரும் ஓர் ஆண் மீன் உள்ளங்கையகலப் பாசித்திட்டைத் தன் சொத்தாக்கிக்கொண்டு, கிட்டே வரும் வேறு ஆணைப் பாய்ந்து பாய்ந்து துரத்துவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். மழை என்கிறது ஒன்று. ஆண்டுக்குச் சில அங்குலமே மழை பெய்யும் இடமாயிற்றே என்று அவர் கேட்க, எல்லாரும் விழிக்கிறார்கள். தொலைவில் தெரியும் மலையைக் கைகாட்டி, அதன் பனி எந்தக் காலத்திலோ உருகி, பாறையிடுக்கில் இறங்கி, இவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்குமுன்பே புறப்பட்ட பிரயாணத்தை விவரிக்கிறார். கடைசியில், மிகச் சாதாரணமாக, இங்கிருந்து சில மைலுக்கு அப்பால் ஒருவர் கிணறு வெட்டி இறைத்தால் இந்தக் குளத்துக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். உச்ச நீதிமன்றம் வரை வாதாடி நிலைநாட்ட வேண்டியிருந்த உண்மையை, பத்து வயதுப் பெண் ஒருத்தி ஈரப்பலகையில் முழங்காலை ஊன்றி எழுந்து தன் வாயால் சொல்கிறாள். பலகைக்கும் கைபேசிக்கும் கேட்கத் தெரியாது. எதிரில் நிற்கிறவன் எதை அறியான் என்று கண்டுகொண்டு பேசவும் தெரியாது.

பெரியவர்களிடமும் இதே கதைதான். கார்ன் கிரீக்கில் வந்து நிற்கிறவரிடம் முதலில் கேட்பது, தண்ணீர் எவ்வளவு கொண்டுவந்திருக்கிறீர்கள், மாற்றுச்சக்கரம் இருக்கிறதா என்பது. தார் போடாத அந்தச் சாலைகளில் கைபேசிக்கும் சமிக்ஞை கிடைக்காது. இதைக் கவனித்து மக்களின் உயிரைக் காக்கும் அதே நபர்தான், நீர்த்துறைக்கு அருகில் கூடாரம் அடித்தால் ஆடும் குட்டியும் தாகத்தோடு திரும்பிப்போய்விடும் என்பதையும் சொல்லி அனுப்புகிறார்.

வேலிக் கட்சியினர் தங்களுக்குச் சட்டம் துணை என்று நினைக்கக்கூடும். உண்மை அப்படியில்லை. சரணாலயங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குகளின் நலத்தையே முதலில் வைக்கிறது; அந்த நோக்கத்துக்கு இடையூறு இல்லாத வரையில் முன்னுரிமை பெறவேண்டிய ஆறு உபயோகங்களைச் சொல்லும்போது, சுற்றுச்சூழல் கல்வியையும் பொருள்விளக்கப் பணியையும் வேட்டை, மீன்பிடித்தல், விலங்கு காணுதல், புகைப்படமெடுத்தல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

ஆனால் சட்டத்தில் கிடைத்த இடம் சம்பளப் பட்டியலில் கிடைக்கவில்லை. இப்பணியை இன்று பெரும்பாலும் தாங்குகிறவர்கள் சில மாதங்களுக்கென்று அமர்த்தப்படும் இளைஞர்களும், ஊதியமில்லாத தொண்டர்களும். அவர்களுடைய சிரத்தையில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எந்த ஊற்று எந்தப் பருவத்தில் எப்படி இருக்கும், எந்தப் பள்ளி ஆசிரியை மறுபடியும் பிள்ளைகளைக் கூட்டிவருவாள், பழங்குடிப் பெரியவர்களில் யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதெல்லாம் ஒருவருக்குப் படிவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். அது படியும் முன்பே பருவம் முடிந்து அவரை அனுப்பிவிட்டு, அடுத்தவரை முதற்பாடத்திலிருந்து தொடங்கச் செய்கிறார்கள். உயிரியல் அறிஞரை இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதை எவரும் ஒப்பமாட்டார். பாலைவனச் சரணாலயம் ஒவ்வொன்றிலும் பார்வையாளர் சேவைக்கும் சுற்றுச்சூழல் கல்விக்கும் நிரந்தரமான பதவி ஒன்றாவது இருக்க வேண்டும். அதன் ஊதியமும் அந்தஸ்தும் உயிரியல் அறிஞருடையதற்கு இணையாக இருக்க வேண்டும். நகரத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டியின் செலவு அந்தப் பதவியோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கும் இனங்களின் பட்டியலிலிருந்து இவையிரண்டையும் நீக்கிவிட வேண்டும்.